முகாமில் பிறந்தவருக்குக் கடவுச்சீட்டு கிடைக்குமா?

கேள்வி: நான் 1984இல் மண்டபம் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்தவன். மனைவி 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்து பதிவு செய்துகொண்டவர். மகள் 2004 ஆகஸ்டிலும் மகன் 2009இலும் இங்கேயே பிறந்தார்கள். முகாம் பதிவை மறைத்து, வெளி முகவரியில் கடவுச்சீட்டு எடுத்துத் தர ஒரு முகவர் இரண்டு லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் உங்களுக்கு விற்க வருவது ஏற்கெனவே உங்களுடையது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் இந்த அடிப்படையில்தான்.

முகவர் சொல்லும் வழியில் போனால், உரிமையுள்ள நீங்களே குற்றவாளியாகிவிடுவீர்கள். பொய்த் தகவல் தந்து கடவுச்சீட்டு பெறுவதற்கு இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. காவல்துறை விசாரணையில் முகாம் பதிவு வெளிவந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தானே தவிர அவர் அல்லர். நேர்வழியில் 36 பக்கக் கடவுச்சீட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய் மட்டுமே. முகாம் முகவரியையே எழுதுங்கள். அதற்குமுன் பிறப்புச் சான்றிதழையும் முகாம் குடும்ப அட்டையையும் அருகருகே வைத்து, தந்தை பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் தேதி குறுக்கே நிற்கிறது. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராக இருந்தாலே போதும் என்பதால் உங்கள் மகள் இந்தியர். அதற்குப் பின் பிறந்தவருக்கோ, ஒருவர் இந்தியராக இருப்பதோடு மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. கடவுச்சீட்டு இல்லாமல் வந்த உங்கள் மனைவியைச் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது; குண்டுமழைக்குத் தப்பிப் படகேறியவரிடமும் அது கடவுச்சீட்டைத்தான் கேட்கிறது. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றாத நாட்டில், ஒரே வீட்டில் அக்காள் இந்தியராகவும் தம்பி அந்நியராகவும் வளர வேண்டியிருப்பதை இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் யாரும் சரிசெய்யவில்லை என்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனாலும் மகனுக்கு ஒரு வழி உண்டு. சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக மத்திய அரசு கருதினால், வயது வராத எவரையும் குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்று அதே சட்டத்தின் 5(4) பிரிவு சொல்கிறது. கிடைத்தே தீரும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் பதினெட்டு வயது நிறைந்தால் இந்தக் கதவும் மூடிவிடும் என்பதால், உங்கள் கடவுச்சீட்டு கைக்கு வரட்டும் என்று காத்திராமல், மாவட்ட ஆட்சியர் வழியாக இப்போதே விண்ணப்பியுங்கள்.

2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்று மத்திய அரசு 2025இல் விலக்கு அளித்தது. அது உங்கள் மனைவிக்குப் பாதுகாப்பு, குடியுரிமை அன்று. அந்த ஆணையின் நகலைக் காட்டிப் பணம் கேட்பவரையும் நம்பாதீர்கள்.

விண்ணப்பத்தை மறுத்தால், வாய்வார்த்தையோடு திரும்பிவிடாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு பாராமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்.