வெள்ளை நூலாகக் கழிவு வந்தால் வயிற்றுப் பூச்சியா? மீன் வளர்ப்போர் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து மீன் வளர்க்கும் நண்பர்கள் அண்மையில் கேட்டதெல்லாம் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: மீனின் வயிற்றில் பூச்சியா, என்ன மருந்து போடுவது? அவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. தர்மபுரியில் நெடுநாளாக வீட்டில் தொட்டி வைத்திருப்பவன்.

பாலக்கோடு: அண்ணா, என் ஏஞ்சல் மீன் நாலு நாளாகச் சாப்பிடவில்லை. வெள்ளை நூல் மாதிரி கழிவு தொங்குகிறது. பூச்சி மருந்து போட்டுவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. சாப்பிடாத மீனின் குடலில் இரை இருக்காது; குடலின் சளி மட்டும்தான் வெள்ளையாக வெளியே வரும். அதனால் வெள்ளை நூலை மட்டும் வைத்துப் பூச்சி என்று முடிவு கட்ட முடியாது. வேறு என்ன தெரிகிறது என்று பாருங்கள். வயிறு உள்ளே ஒட்டிப் போயிருக்கிறதா? இரையை வாயில் வாங்கித் துப்புகிறதா? நிறம் கறுத்து மூலையில் ஒதுங்கி நிற்கிறதா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் சந்தேகப்படலாம்.

அதற்கும் முன்னால் தண்ணீரைச் சோதியுங்கள். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இதை நான் இழந்து கற்றுக்கொண்டேன். என் ஏஞ்சலுக்கும் இதே வெள்ளை நூல்தான். பதறிப்போய் பெரிய தொட்டியிலேயே மருந்தைக் கரைத்தேன். நான்காம் நாள் காலையில் அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, செவுள் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அப்புறம்தான் தண்ணீரைச் சோதித்தேன்: அம்மோனியா. முந்தைய வாரம் ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவியிருந்தேன். எங்கள் குழாயில் வரும் ஒகேனக்கல் குடிநீரில் குளோரின் இருக்கும். அம்மோனியாவைச் சிதைக்கும், பஞ்சில் இருந்த நல்ல பாக்டீரியாவை அது கொன்றுவிட்டது. பஞ்சைத் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

அதே நண்பர்: தண்ணீர் சரியாக இருக்கிறது, வயிறும் ஒட்டித்தான் இருக்கிறது. இப்போது?

அப்படியானால் குடலில் வாழும் நுண்ணுயிரி, அதாவது ஹெக்ஸாமிட்டா வகை, இருக்க வாய்ப்பு அதிகம். ஏஞ்சல், டிஸ்கஸ் மீன்களில் இது அடிக்கடி வருவது. இதற்கு மெட்ரோனிடசோல். மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். 30 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும்; கல், மணல் வேண்டாம். ஏர் பம்ப்பும், ஓடிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து எடுத்த ஸ்பாஞ்ச் ஃபில்டரும் இருந்தால் நல்லது. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். 400 மில்லிகிராம் மாத்திரையில் பாதியை நைசாகப் பொடித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி ஊற்றினால் 30 லிட்டருக்குச் சரியான அளவு. தினம் ஒரு முறை, மூன்று நாள். ஒவ்வொரு முறையும் ஊற்றும் முன் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

மீன் இன்னும் கொஞ்சமாவது கடிக்கிறது என்றால் இரையில் கலந்து கொடுப்பதுதான் மேல், மருந்து நேரே குடலுக்குப் போகும். 20 கிராம் இரைக்கு அரை மாத்திரைப் பொடி. கரைத்த ஜெலட்டினில் பிசைந்து தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். உறைந்ததும் மீனின் வாய்க்குத் தகுந்த துண்டாக நறுக்கி ஐந்து நாள் கொடுங்கள். அந்தக் கத்தியும் தட்டும் சமையலறைக்குத் திரும்பப் போகக் கூடாது.

கிருஷ்ணகிரி: சார், பெண் மோலியின் பின்புறம் சிவப்பு முடி மாதிரி இரண்டு மூன்று நீட்டிக்கொண்டிருக்கின்றன. மெட்ரோனிடசோல் போட்டும் போகவில்லை.

போகாது அம்மா. அது கமல்லானஸ் என்கிற உருண்டைப் புழு. மெட்ரோனிடசோல் புழுவைத் தொடாது. மோலி, கப்பி மாதிரி குட்டி போடும் மீன்களில் இந்தப் புழு நிறைய வருகிறது. மீன் அசையாமல் நிற்கும்போது மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நுனி வெளியே வரும், மீன் துள்ளியதும் உள்ளே போய்விடும். கையால் பிடித்து இழுக்காதீர்கள், குடல் கிழியும்.

மருந்து லெவாமிசோல். ஆட்டுக்கும் கோழிக்கும் குடற்புழு நீக்கக் கொடுப்பது, நம் ஊர்களில் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள். ஆடு மாடுகளுக்கான பல திரவ மருந்துகளில் ஆக்ஸிகுளோசனைடும் கலந்திருக்கும், அது வேண்டாம். லெவாமிசோல் மட்டும் உள்ளதே வேண்டும். அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஆக 50 லிட்டர் தொட்டிக்கு 100. பொடிக்குப் பொடி வீரியம் மாறும் என்பதால் 100 மில்லிகிராம் மருந்துக்கு எவ்வளவு பொடி என்று மருத்துவரிடமே கணக்குப் போட்டு வாங்குங்கள், கண்ணளவில் போடாதீர்கள்.

இங்கே தனித் தொட்டி போதாது. ஒரு மீனுக்கு இருந்தால் அந்தத் தொட்டி முழுக்கவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துத் துணியால் மூடி 24 மணி நேரம் விடுங்கள், வெளிச்சத்தில் மருந்து கெடும். இது புழுவைச் செயலிழக்கத்தான் வைக்கிறது. உதிர்ந்து தரையில் கிடப்பதை மீன் திரும்பத் தின்னும் முன், அடிமணலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துப் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஒரு தடவை. அந்த இரண்டாம் தடவையை விடுவதால்தான் பலருக்கும் புழு திரும்ப வருகிறது.

ஓசூர்: டிசம்பர் வந்தாலே என் மீன்கள் இரையைத் தொடுவதில்லை. பூச்சியா?

முதலில் தெர்மாமீட்டர் வையுங்கள். ஓசூர்க் குளிரில் ஹீட்டர் இல்லாத தொட்டி ஏஞ்சலுக்குத் தாங்காது. 26 முதல் 28 டிகிரியில் நிறுத்தி ஒரு வாரம் பாருங்கள். அநேகமாக மருந்தே தேவைப்படாது.

காவேரிப்பட்டணம்: பூண்டு, மஞ்சள், வேப்பிலை, கல் உப்பு, எது கேட்கும்?

பூண்டுச் சாற்றில் நனைத்த இரையைச் சில மீன்கள் ஆசையாகக் கடிக்கும், மருந்து கலந்த இரையை உள்ளே அனுப்ப உதவும். அவ்வளவுதான். கல் உப்பு குடலுக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது. மஞ்சளும் வேப்பிலையும் தொட்டியில் வேண்டாம்.

அரூர்: ஃபைட்டர் மீனுக்கு வயிறு பந்து மாதிரி உப்பியிருக்கிறது.

மேலிருந்து பாருங்கள். செதில்கள் விரிந்து நின்றால் அது உள்ளே நீர் கோத்த நிலை, காப்பாற்றுவது கடினம். செதில் படிந்திருந்தால் பெரும்பாலும் இரை அதிகமானதுதான். இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள். அதன் வயிறு கிட்டத்தட்ட அதன் கண் அளவுதான் என்பதை நினைத்து இனி இரை போடுங்கள்.

பென்னாகரம்: ஓடையில் பிடித்த கொசுப்புழு, கடையில் வாங்கும் டியூபிஃபெக்ஸ் புழு கொடுக்கிறேன். இதில்தான் பூச்சி வருகிறதா?

வரலாம். டியூபிஃபெக்ஸ் சாக்கடைச் சேற்றில் வளர்வது. ஓடைத் தண்ணீரில் இருக்கும் சைக்ளாப்ஸ் என்கிற நுண்ணிய உயிரியே கமல்லானஸ் குட்டிகளைச் சுமக்கும். மாடியில் வாளியில் நீங்களே வளர்த்த கொசுப்புழு என்றால் பயம் குறைவு, ஆனால் கொசுவாகப் பறக்கும் முன் எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும். பூச்சி உள்ளே வர, இரைப் புழுவை விடப் பெரிய வழி புது மீன்தான். எங்கிருந்து வாங்கினாலும், சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து வந்தாலும், நான்கு வாரம் தனியாக வைத்துத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

தர்மபுரி: நோய் கண்ட மீன்களை ராமாக்காள் ஏரியில் விட்டுவிடலாமா? பாவமாக இருக்கிறது.

வேண்டவே வேண்டாம் அம்மா. அங்கே இருக்கும் மீன்களுக்கும் அந்தப் புழு போய்ச் சேரும். மருந்துத் தண்ணீரையும் ஏரியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். இறந்தால் நாயும் பூனையும் தோண்டாத ஆழத்தில் செடியடியில் புதையுங்கள். வலை, குழாய், டப்பா எல்லாவற்றையும் கழுவி வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். கையில் காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள்.