மான் தீவு: அட்டவணை சரிதான்

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவின் (Isle of Man) அரசியல் கட்சியான லிபரல் வன்னின் பற்றிக் கட்டுரை எழுதுகிறீர்கள். தீவின் கீழவைக்கான 2016 தேர்தல் முடிவு அட்டவணையில் 24 இடங்களில் 21 "சுயேச்சை" என்று இருப்பதால் தரவு பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். பிழையே இல்லை, தைரியமாக அப்படியே போடுங்கள். மீதி 3 பேர்தான் லிபரல் வன்னின்.

அந்தத் தீவில் கட்சி என்பதே ஓரமான விஷயம். 2016 முதல் 12 தொகுதிகள், தொகுதிக்கு 2 உறுப்பினர்கள். வேட்பாளரை ஊரே நேரில் அறியும், அதனால் சின்னம் தேவைப்படுவதில்லை. முதலமைச்சரும் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராக வருவதில்லை. தேர்தலுக்குப் பின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பவர்தான். அப்படியிருக்க "ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி" என்ற சட்டகத்தை உங்கள் கட்டுரையிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

2006-இல் பீட்டர் கேரன் தொடங்கிய இந்த நடுநிலை லிபரல் கட்சி 2011-இலும் 3 இடங்கள்தான் பெற்றது. 2021-இல் ஒன்று. இதைத் தோல்வி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ப்ளீஸ். சுயேச்சைகளே நிறைந்த அவையில், வாக்குக் கேட்கும்போதே பொதுவான கொள்கையை முன்வைத்து நிற்பது பெரிய விஷயம் என்பேன்.

அப்புறம், "வன்னின்" ஆள் பெயர் அல்ல. தீவின் சொந்த மொழியான மாங்ஸில் அதன் பெயர் எல்லன் வன்னின்; அதிலிருந்து வந்தது.