மயில்கழுத்து மையும் மூன்று சுழி ணகரமும்

அன்புள்ள ஐயா,

இன்றும் ஊற்றுப்பேனாவில்தான் எழுதுகிறேன் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் இந்தக் கடிதம். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. ஆறு மாதமாக மை வாங்கும் பழக்கம் பிடித்துக்கொண்டது. இரண்டு மில்லி சாம்பிள் குப்பிகளாகப் பதினொரு நிறம் சேர்ந்துவிட்டது. அதில் ஜப்பானின் பைலட் நிறுவனம் செய்யும் இரோஷிசுக்கு வரிசையின் கு-ஜாகு என்ற மை, என் ஹீரோ பேனாவில் சாதாரண நீலப்பச்சையாக எழுதுகிறது. அதையே தங்கை தன் தடித்த நிப்புப் பேனாவில் ஊற்றி எழுதினால் நல்ல அடர்த்தி, எழுத்தின் ஓரத்தில் லேசாகச் சிவப்பு மினுக்கம் வேறு. வாங்குவதற்கு முன் போனில் பார்த்த படம் இந்த இரண்டோடும் சேரவில்லை. எதுதான் இந்த மையின் உண்மையான நிறம்? மைகளை ஒப்பிட்டுப் பார்க்க முறை ஏதும் வைத்திருக்கிறீர்களா? பதினொன்றில் எதைப் பெரிய குப்பியாக வாங்கலாம்? "எழுதுறதுக்கு ஒரு நீலம் போதாதா டீச்சர்" என்று ஆசிரியர் அறையில் கேட்கிறார்கள். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் பேனா காட்டுவதும் தங்கையின் பேனா காட்டுவதும் உண்மையான நிறம்தான். இந்த வகை மைகள் தண்ணீரில் கரைந்த சாயம். தண்ணீர் ஆவியான பிறகு காகிதத்தில் எவ்வளவு சாயம் மிஞ்சுகிறது, எங்கே மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்து நிறம் அமையும். உங்கள் ஹீரோவின் மெல்லிய நிப்பு சிக்கனமாக மை விடும். எழுதிய மை காகிதத்தின் நாருக்குள் சட்டென்று இறங்கிவிடும். தங்கையின் நிப்பு தாராளமாக விடுகிறது. எழுத்தின் வளைவிலும் முடிவிலும் மை குளமாகத் தேங்கி, மேலேயே காய்கிறது. அப்படிக் காயும் சாயம் மெல்லிய படலமாகப் படியும்போது, அந்தப் படலத்தின் மேற்பரப்பு வேறொரு நிறத்தைத் திருப்பி அடிக்கும். நீங்கள் பார்த்த சிவப்பு அதுதான். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் கொடுத்து நெய்த மயில்கழுத்துப் பட்டுத்துணியை வெயிலில் மடித்துப் பாருங்கள். காரணம் வேறு என்றாலும் கண்ணுக்குக் கிடைப்பது அதே மாதிரிதான். கு-ஜாகு என்றால் ஜப்பானிய மொழியில் மயில். தெரிந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள். இரோ என்றால் நிறம், ஷிசுக்கு என்றால் துளி. இந்த வரிசை 2007இல் வந்தது.

போன் படத்தை விட்டுவிடுங்கள். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் இருக்கும் அடர்ந்த நிறங்களில் சிலவற்றைச் சாதாரணத் திரையால் காட்டவே முடியாது. அதோடு கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்கிறேன் என்று நிறத்தை மாற்றிவிடும். நான் எந்த மையைச் சோதித்தாலும் அதே பக்கத்தில் எனக்குப் பழகிய ஒரு நீலத்தால் ஒரு வரி எழுதிவிடுவேன். அதற்குச் சாட்சி மை என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்த வரி எவ்வளவு மாறித் தெரிகிறதோ, பக்கத்து நிறமும் கிட்டத்தட்ட அவ்வளவு மாறியிருக்கிறது என்று பிடித்துக்கொள்ளலாம்.

இனி முறை. எனக்கு அது வந்த விதத்தைச் சொன்னால்தான் ஏன் தண்ணீரில் ஆரம்பிக்கிறேன் என்று புரியும்.

2015 டிசம்பரில் நான் சென்னையில், அடையாற்றுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தேன். வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது மேல்தட்டுப் புத்தகங்களைக் காப்பாற்றினோம். கீழ்த்தட்டில் இருந்த ஏழு நோட்டுகளை மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் பிரித்து, மின்சாரம் வந்த பிறகு ஃபேனுக்குக் கீழே பரப்பினேன். ஆறு நோட்டுகள் எனக்கு மிகப் பிடித்த ஒரு நீல மையில் எழுதியவை. தாள் முழுக்க வெளிர் வானநீலம், எழுத்தென்று ஒன்றுகூட இல்லை. விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் நிப்பு அழுத்திய தடம் மட்டும் அங்கங்கே தெரியும். பாதி நாவல் அதில் இருந்தது. ஏழாவது நோட்டு நீலக்கறுப்பில் எழுதியது. அதிலும் நீலம் ஓடிப்போயிருந்தது. ஆனால் சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு எழுத்தும், ஒவ்வொரு புள்ளியும் இருந்த இடத்தில் இருந்தன. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த நீலக்கறுப்பு பழைய முறையில் செய்த மை, துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தது. வாழைப்பூ நறுக்கினால் அரிவாள்மனையின் வாய் கறுத்துப்போகுமே, அதே வேலைதான். நம் ஊரில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு எடுத்தார்கள். ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதிலாக ஓக் மரத்தில் பூச்சி முட்டையிடுவதால் உண்டாகும் காய் போன்ற முடிச்சு. எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். காற்றுப்பட்டுக் கறுக்கும் வரை கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் நீலச் சாயத்தைக் கலந்தார்கள். சாயம் கரைந்து போனாலும் இரும்பின் கறுப்பு நாரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளை நெடுங்காலம் இந்த வகை மையில்தான் எழுதினார்கள். ஒன்று, நீலக்கறுப்பு என்று குப்பியில் எழுதியிருப்பதெல்லாம் இந்த வகையாகிவிடாது. இன்று பெரும்பாலானவை வெறும் சாயம். எழுதிய வரி மறுநாள் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, இதில் அமிலம் உண்டு. எஃகு நிப்பு உள்ள பேனாவில் ஊற்றிவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடாதீர்கள்.

ஆக முதல் சோதனை தண்ணீர். எழுதி ஒரு நாள் காயவிட்டு, வரியின் பாதியில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து ஒற்றி எடுங்கள். பதினொன்றில் எட்டோ ஒன்பதோ ஓடிவிடும் என்று நினைக்கிறேன். ஓடுவது குற்றமில்லை. எதை எழுதக்கூடாது என்று தெரிந்துகொண்டால் போதும்.

அடுத்தது நான் மிக முக்கியமாக நினைப்பது. உலகமெங்கும் மை சோதிக்கிறவர்கள் ஆங்கில எழுத்தை வைத்துச் சோதிக்கிறார்கள். நம் எழுத்துக்கு அது போதாது. நான் எழுதிப் பார்க்கும் சொல் 'அண்ணன்'. மூன்று சுழி ண இரண்டு, இரண்டு சுழி ன ஒன்று, மேலே இரண்டு புள்ளி. மட்டமான தாளில் மை ஊறும்போது முதலில் அடைபடுவது ணகரத்தின் சுழி. சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி அது னகரம் போல ஆகிவிடும். பிறகு புள்ளி தடித்துக் கீழே இருக்கும் எழுத்தில் போய் முட்டும். ஒரு மை உங்கள் பள்ளிக்கூட நோட்டில் 'அண்ணன்' என்று எழுதி மூன்று சுழியும் திறந்து நின்றால், அது நல்ல மை. எத்தனை மினுக்கு இருந்தாலும் சுழி அடைத்துக்கொண்டால் அதைத் தமிழ் எழுத வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கு-ஜாகு மெல்லிய நிப்பில் இதில் தேறும் என்றுதான் தோன்றுகிறது. தங்கையின் பேனாவில் எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தாளை மாற்றினால் கதையே மாறும். ஜப்பானில் டோமோயே ரிவர் என்று ஒரு தாள். சதுர மீட்டருக்கு 52 கிராம்தான், வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். ஆனால் மையைக் குடிக்காது. மினுக்கம் முழுதாகத் தெரிவது அந்த மாதிரித் தாளில்தான். காய நேரம் எடுக்கும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. ஐப்பசி கார்த்திகையில் தாளே ஈரம் வாங்கியிருக்கும், சித்திரையில் ஊறாத மைகூட அப்போது ஊறும். அதனால் எல்லா மையையும் ஒரே நாளில், ஒரே நோட்டில், ஒரே பேனாவில் எழுதிப் பாருங்கள். பேனாவைப் பதினொரு முறை கழுவ அலுப்பாக இருந்தால் கண்ணாடி முனைப் பேனா ஒன்று வாங்கலாம். தொட்டு எழுதி, தண்ணீரில் அலசினால் அடுத்த நிறம். ஆனால் தொட்டவுடன் அது அள்ளிக் கொட்டும், எல்லா மையும் அழகாகத் தெரியும். நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க அது போதும். எதை வாங்குவது என்ற முடிவை உங்கள் ஹீரோவிடம் விடுங்கள்.

காயும் நேரத்துக்கு எளிய வழி உண்டு. கோடுகள் போட்டு 5, 10, 20 விநாடியில் ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பாருங்கள். நோட்டுத் திருத்தி உடனே மூடி அடுக்குகிறவர் நீங்கள், உங்களுக்கு 10 விநாடிக்கு மேல் எடுக்கும் மை ஒத்துவராது.

உங்கள் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு செய்ய ஒரு சோதனை இருக்கிறது. வெள்ளைச் சாக்பீஸ் ஒன்றை எடுத்து, அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே கறுப்பு மையால் சுற்றி ஒரு வளையம் போடுங்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நிறுத்துங்கள், வளையம் நனையக் கூடாது. தண்ணீர் சாக்பீஸில் ஏறும்போது கறுப்பு பிரியும். நான் பார்க்கர் குவிங்க் கறுப்பில் செய்தபோது நீலம் ஒரு பக்கம், மஞ்சள் கலந்த பழுப்பு ஒரு பக்கம் என்று பிரிந்தது. கறுப்பு என்று நினைத்து எழுதியதெல்லாம் பல சாயங்களின் கூட்டு. அன்று சாப்பிட மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகயில் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர், சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை விட்டு நிறங்களைப் பிரித்தார். வண்ணப்பிரிகை என்று அறிவியல் பாடத்தில் வருவது அங்கே தொடங்கியது. ஸ்வெட் என்ற சொல்லுக்கு ரஷ்ய மொழியில் நிறம் என்றே பொருள். அதையே தாளில் செய்யும் முறைக்கு வழிவகுத்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மார்ட்டினும் சிங்கும் 1952இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ஊதா மைகளை இப்படிப் பிரித்தால், ஒன்றில் இளஞ்சிவப்பும் நீலமும் தனியாகப் போகும், இன்னொன்று பிரியாமல் ஒரே ஊதாவாக நிற்கும். சாம்பிளில் ஊதா இருந்தால் செய்து பாருங்கள்.

கடைசிச் சோதனைக்குப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு மையிலும் ஒரு பட்டை இழுத்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மேற்கு ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். இரண்டு மாதம் தொடாதீர்கள். இளஞ்சிவப்புகள்தான் பெரும்பாலும் முதலில் போகும். பழைய சிவப்பு மைகளில் ஈயோசின் என்ற சாயம் போடுவார்கள், வெளிச்சம் அதற்கு ஆகாது. ஓவியர் வான் கோவும் அந்தச் சாயத்தில் செய்த வண்ணத்தைப் பயன்படுத்தினார். 1890இல் அவர் வரைந்த இளஞ்சிவப்பு ரோஜாக்கள் இன்று ஏறக்குறைய வெள்ளையாக நிற்கின்றன. என் டைரியில் ஒரு வருடம் முழுக்க ரோஜா நிற மையில் எழுதினேன். மூடியே வைத்திருப்பதால் இன்னும் இருக்கிறது. திறந்து மேசையில் வைக்க மனம் வருவதில்லை.

ஒரு நீலம் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் வரலாற்று ஆசிரியை என்பதால் உங்கள் கையிலேயே பதில் இருக்கிறது. 1934இல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ராஜ்ஷாஹியில், மைத்ரா சகோதரர்கள் சுலேகா மையைத் தொடங்கியது வெளிநாட்டு மையில் எழுதக் கூடாது என்ற சுதேசி உணர்வில்தான். பிறகு கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் அது வளர்ந்தது. அங்கே ஒரு நாற்சந்திக்கே சுலேகா என்று பெயர். 1980களின் இறுதியில் மூடிக் கிடந்து, 2006இல் மறுபடி வந்தது. இன்னொரு கதை ஜப்பானின் கோபே நகரத்தில். 1995 ஜனவரியில் அந்த ஊரைப் பூகம்பம் நொறுக்கியது. பிற்பாடு அங்கே நாகசாவா என்ற எழுதுபொருள் கடை, ஊரின் நிறங்களை மையாக்க ஆரம்பித்தது. 2007இல் முதல் நிறங்கள் வந்தன. ரோக்கோ மலையின் பச்சை, துறைமுகத்தின் நீலம், பழைய வெளிநாட்டவர் குடியிருப்பின் பழுப்பு. இடிந்து எழுந்த ஊர் தன் தெருக்களைக் குப்பியில் அடைத்து வைத்தது. அதில் ஒன்றை வாங்கி எழுதும் ஆளிடம் போய் ஒரு நீலம் போதாதா என்று எப்படிக் கேட்பது? எனக்கு அந்த வரிசை எத்தனை நிறமாகப் பெருகினாலும் மிகையாகத் தோன்றவில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை மழையில் நனைந்தால் ஒரு சாம்பல் வருமே, அதை யாராவது மையாக்கினால் முதல் குப்பி நான் வாங்குவேன்.

எதை வாங்குவது? தண்ணீரில் நிற்பது எதுவோ அதைப் பெரிய குப்பியாக வாங்குங்கள். மதிப்பெண் பதிவேடு, விண்ணப்பம் எல்லாம் அதில். காசோலைக்கும் அதுதான், இப்போது வங்கிகள் காசோலையின் படத்தைத்தான் அனுப்பிக்கொள்கின்றன, வெளிர் நிறம் அதில் விழாது. பச்சை மை தலைமையாசிரியருக்கு என்ற வழக்கம் உங்கள் பள்ளியிலும் இருக்கும், அதில் கைவைக்க வேண்டாம். கு-ஜாகுவை உங்களுக்காக வாங்குங்கள். கடிதத்துக்கும் டைரிக்கும் அதைவிடப் பொருத்தமான நிறம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மற்ற ஒன்பதை அவசரப்படாமல் சாம்பிளாகவே தீருங்கள்.

அப்புறம் ஒன்று. மிஞ்சியதை எல்லாம் ஒரே குப்பியில் கொட்டிக் கலந்துவிடாதீர்கள். சில மை அமிலம், சில மை காரம். சேர்ந்தால் திரிந்து சகதியாகி, பேனாவின் நாக்கை அடைத்துக்கொள்ளும். கலந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரு மூடியில் பத்துச் சொட்டு கலந்து, ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

உங்கள் பேனாவிலும் தங்கையின் பேனாவிலும் 'அண்ணன்' என்று கு-ஜாகுவில் எழுதி, ஒரே உறையில் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். படம் பிடித்து அனுப்ப வேண்டாம், தாளாகவே பார்க்க ஆசை.

அன்புடன்.