மலை மேலே குளிருமா?

கேள்வி: நண்பர்களோடு இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலுள்ள ரிஞ்சானி எரிமலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். வெப்பமண்டலத் தீவில் கம்பளி எதற்கு என்கிறார்கள். வேண்டுமா?

பதில்: நானும் அப்படி நினைத்து மெல்லிய சட்டையோடு போனவன்தான். கடற்கரையில் வேர்த்துக் கொட்டியது. எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் முகாமோ 2,600 மீட்டருக்கு மேலே. ராத்திரி பற்கள் தந்தியடித்தன. நண்பனின் காலுறையைக் கைகளில் மாட்டிக்கொண்டு படுத்தேன். துவைக்காத காலுறை, வேறென்ன செய்ய? சிகரம் 3,726 மீட்டர். கடைசி ஏற்றம் முழுக்க எரிமலைச் சரளை. இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். விடிந்ததும் கீழே செகாரா அனாக் ஏரி, அதற்குள் பாருஜாரி என்ற குட்டி எரிமலை. ஏரி இருக்கும் பள்ளம் 1257இல் மலை வெடித்து உண்டானது. அப்புறம், குரங்குகள். பிஸ்கட்டை வெளியே வைத்தால் போச்சு. கம்பளி கட்டாயம், காலுறை மூன்று ஜோடி.