புட் அவுட் என்றால் வெளியே தள்ளுவதா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் அறை கிடைக்காமல் இரவு ஒன்பது மணிக்கு வந்து நின்ற வெளிநாட்டுத் தம்பதிக்கு, எங்கள் ஊழியர் அறையைக் காலி செய்து கட்டில் போட்டுக் கொடுத்தோம். அந்த அம்மையார், “ஐ ஹோப் வீ ஆர் நாட் புட்டிங் யூ அவுட்” என்றார். எங்களை வேலையை விட்டே துரத்துவதைப் பற்றிப் பேசுகிறார் என்று எண்ணி, “நோ மேடம், நோபடி கேன் சென்ட் அஸ் அவுட்” என்று கொஞ்சம் விறைப்பாகவே சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. நான் எங்கே தவறினேன்?
– வாசகி, ஏற்காடு

பதில்: “எங்களால் உங்களுக்குச் சிரமம் இல்லையே?” என்பதுதான் சகோதரி, அவர் கேட்டது. “நாட் அட் ஆல்” என்று சிரித்திருந்தால் போதும். சேர்வராயன் மலைச் சரிவில் பற்றிய தீயை வனத்துறையினர் அணைத்தாலும் அது புட் அவுட்தான். அங்கும் எதுவும் வெளியே போவதில்லை. புட், அவுட் என்ற இரண்டு சொற்களின் பொருளையும் கூட்டிப் பார்த்தீர்கள். வினைச்சொல்லோடு அவுட், ஆஃப் போன்ற சிறு சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் ஃபிரேசல் வெர்ப் அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை.

நம் ‘போடு’ மட்டும் அடங்குகிறதா என்ன? கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள் என்கிறோம். யாரும் எதையும் தள்ளவுமில்லை, கீழே போடவுமில்லை. தமிழ் கற்க வரும் வெள்ளைக்காரர் ‘தள்ளி’, ‘போடு’ என்று அகராதியைப் புரட்டினால் உங்களைப் போலவே திகைப்பார். அந்தத் தள்ளிப்போடுதான் ஆங்கிலத்தில் புட் ஆஃப்.

உங்கள் மேசைக்கு அடிக்கடி வரக்கூடியவை இன்னும் சில உண்டு. “கேன் யூ புட் அஸ் அப்?” என்றால் தங்க இடம் கிடைக்குமா என்று பொருள், “புட் மீ த்ரூ டு த கிச்சன்” என்றால் சமையலறைக்குத் தொலைபேசி இணைப்புக் கொடுங்கள் என்று பொருள். புட் ஆன் என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். ‘அவர் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்’ என்பதை “ஹீ இஸ் புட்டிங் ஆன் எ ஸ்வெட்டர்” என்று சொன்னால், கை ஒன்று உள்ளேயும் மற்றொன்று வெளியேயுமாக அவர் இப்போதுதான் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றே கேட்பவர் நினைப்பார். மாட்டும் செயலுக்குத்தான் புட் ஆன். மாட்டியபின் உடம்பில் இருப்பதற்கு ‘வேர்’ (wear) என்ற சொல், “ஹீ இஸ் வேரிங் எ ஸ்வெட்டர்” என்பதே சரி. வளர்ப்பு நாயோடு வரும் விருந்தினரிடம் புட் டவுன் என்ற சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். நாயைக் கீழே இறக்கிவிடச் சொல்வதாக நினைத்து நீங்கள் சொன்னது, ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் சொன்னதாக அவர் காதில் விழக்கூடும்.

கேள்வி: “வீ புட் ஆஃப் த மீட்டிங்” என்று என் மகன் எழுதியதைச் சரி என்ற ஆசிரியர், “வீ புட் ஆஃப் இட்” என்பதை மட்டும் அடித்துவிட்டார். ஏன்?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: ஆசிரியர் பக்கம்தான் நியாயம். மீட்டிங் போன்ற பெயர்ச்சொல் புட் ஆஃப் என்பதற்குப் பின்னாலும் வரலாம், நடுவிலும் வரலாம். இட், தெம், யூ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும். “வீ புட் இட் ஆஃப்” என்பதே சரி. மேலே ஏற்காட்டு அம்மையாரும் “புட்டிங் யூ அவுட்” என்றுதானே சொன்னார்! ஆனால் பொறுத்துக்கொள்வதைக் குறிக்கும் புட் அப் வித் மூன்று சொற்களும் ஒட்டியே நிற்கும், நடுவில் எதற்கும் இடம் தராது. உங்கள் பகுதியில் விசைத்தறிச் சத்தத்தை நாள் முழுவதும் சகித்துக்கொள்பவர், “வீ புட் அப் வித் இட்” என்றுதான் சொல்ல வேண்டும். புட் இறந்த காலத்திலும் உருமாறாது என்பதால், ‘புட் இட் ஆஃப்’ இன்றைக்கா நேற்றைக்கா என்று குழப்பம் வரலாம். ஹீ, ஷீ என்று தொடங்கும் வாக்கியமானால் ‘புட்ஸ்’ என்பதன் கடைசி ஸ் இருந்தால் நிகழ்காலம், இல்லாவிட்டால் இறந்தகாலம்.