முதலில் பன்னிரண்டு பக்கம், புத்தகம் பிறகு

தொடக்கக் கல்லூரி முதலாண்டு படிக்கும் உங்கள் மகள் நவம்பரில் சிங்கப்பூர் எழுத்தாளர் விழாவுக்குப் போகவேண்டும் என்கிறாள். அவளுடைய சித்தப்பா, "எழுத்துதான் நல்லா வருதே, சட்டம் படிக்கட்டும்" என்கிறார். பெரியம்மாவோ அவள் எழுதிய எட்டுக் கதைகளையும் 300 பிரதி அச்சடித்து விழா நேரத்திலேயே வெளியிட்டுவிடலாம் என்று 3,500 வெள்ளிக்கு விலை கேட்டு வைத்திருக்கிறார். எதற்குத் தலையாட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான் அம்மா. ஆனால் இந்த மூன்றில் ஆபத்தில்லாதது விழா ஒன்றுதான்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். என்யுஎஸ் என்கிற சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையில் சேர மதிப்பெண்ணோடு எழுத்துத்தேர்வும் நேர்முகமும் உண்டு. ஏன் சட்டம் என்று அங்கே கேட்டால், "சித்தப்பா சொன்னார்" என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? கதை எழுதுகிற கையும் தீர்ப்புரைகளைப் பக்கம் பக்கமாக அலசுகிற பொறுமையும் ஒரே ஆளிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவளே வழக்குகளைத் தேடி வாசிக்கிறவள் என்றால் பேசுவோம். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

அச்சடிக்கும் யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதே. முதலாவது, புதியவர்களுக்கான போட்டிகள் பலவற்றில் தனி நூல் வெளியிட்டவர்கள் கலந்துகொள்ள முடியாது. முகநூலில் போட்ட கதையைக்கூட வெளியானதாகக் கணக்கில் எடுக்கும் போட்டிகள் உண்டு. சிறுகதை, கவிதைக்கான தங்கமுனை விருதுப் போட்டியோ வேறு எதுவோ, விதிமுறையை முழுக்க வாசிக்காமல் ஒரு கதையையும் வெளியே விடாதீர்கள். இரண்டாவது, 300 பிரதியில் தேசிய நூலக வாரியத்துக்கு நான்கு வாரத்துக்குள் 2 கொடுக்கவேண்டும், உறவுக்கும் நட்புக்கும் ஒரு 60 போகும். மிச்சமெல்லாம் வீவக அடுக்குமாடி வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான். பதினேழு வயதில் எழுதியதை இருபத்திரண்டில் திருத்தத் தோன்றும், அச்சானதை எங்கே போய்த் திருத்துவது?

இனி விழா. அடுத்த ஆண்டு இதே மாதம் ஏ-லெவல் எழுதிக்கொண்டிருப்பாள். இந்த ஆண்டு புரோமோஸ் எனும் முதலாண்டு இறுதித் தேர்வு முடிந்து கை காலியாக இருக்கிறது. போவதென்றால் இப்போதுதான்.

நிகழ்ச்சிநிரல் வெளியானதும் முதலில் பார்க்கவேண்டியது பயிலரங்குகளை. பிரபலங்களின் மேடைப்பேச்சு பிறகு. பயிலரங்குக்குத் தனிக் கட்டணம், இருக்கைகளும் கொஞ்சம், சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒன்றே ஒன்று வாங்குங்கள், போதும். மற்ற அமர்வுகளுக்கு விழா பாஸ் இருந்தாலும் சிறிய அறைகள் நிரம்பிவிடும் என்பதால் 20 நிமிடம் முன்னதாகப் போய் நிற்கவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று அமர்வுக்கு மேல் வேண்டாம். ஐந்தாறுக்கு ஓடுகிறவர்களுக்குச் சாயங்காலம் எதுவும் மண்டையில் ஏறாது, குறிப்பேட்டில் வெறும் பெயர்கள்தான் மிஞ்சும். மூன்றில் ஒன்று தமிழ் அமர்வாகவும் ஒன்று மொழிபெயர்ப்பு பற்றியதாகவும் இருக்கட்டும். நான்கு மொழி எழுத்தாளர்கள் ஒரே கூரையின்கீழ் கூடும் விழா இது. மலாய், சீனக் கதைகள் எப்படி ஆங்கிலத்துக்குப் போகின்றன என்று கேட்டுவைப்பது நாளைக்கு வேலைக்கும் வழிகாட்டும்.

கையில் என்ன கொண்டுபோவது? ஒரே ஒரு கதை, ஏ4 தாளில் 12 பக்கத்துக்குள், வரிகளுக்கிடையே ஒன்றரை இடைவெளி, பக்க எண், ஒவ்வொரு பக்கத்தின் மேலும் பெயர். யூனிகோடு எழுத்துருவில்தான் தட்டச்சு செய்யவேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை இன்னொருவர் கணினியில் திறந்தால் தமிழ் காணாமல்போய்க் கிறுக்கல்தான் தெரியும். மின்னஞ்சலில் அனுப்புவதற்குப் பிடிஎஃப் ஒன்றும் போனில் இருக்கட்டும். தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். நவம்பர் மழை, சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து பழைய பாராளுமன்றத்தில் இருக்கும் ஆர்ட்ஸ் ஹவுஸ் வரை நடை. தண்ணீர்ப் போத்தலும் வேண்டும், அந்தப் பக்கம் காப்பி விலை கொஞ்சநஞ்சமல்ல.

பெரும்பாலும் சறுக்குவது எழுத்தாளரையோ பதிப்பாசிரியரையோ சந்திக்கும்போதுதான். கையெழுத்து வரிசையில் நின்று கதையை அவர் கையில் திணிக்கக்கூடாது. அவருக்கு அடுத்த அமர்வு இருக்கும், தாள் மேசையிலேயே தங்கிவிடும். "தேக்காவில் பூக்கட்டும் பாட்டியைப் பற்றி 2,000 சொல்லில் ஒரு சிறுகதை எழுதி முடித்திருக்கிறேன். அனுப்பலாமா, எந்த முகவரிக்கு?" இவ்வளவுதான் பேச்சு. 'முடித்திருக்கிறேன்' என்று சொல்லமுடியாவிட்டால் பேச்சையே எடுக்கவேண்டாம். சரி என்று சொன்னவருக்கு மூன்று நாளுக்குள் அனுப்பவேண்டும், எந்த அமர்வில் சந்தித்தோம் என்ற ஒரு வரியோடு. பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். பயிலரங்கில் அவள் எழுதிய பக்கத்தை யாராவது குறை சொன்னால், "நான் சொல்லவந்தது என்னவென்றால்" என்று தொடங்காமல் எழுதிக்கொள்ளட்டும். எந்த வரியில் வாசகர் தடுக்கினார் என்பதுதான் அந்தக் கட்டணத்துக்குக் கிடைக்கும் சரக்கு.

அதற்கு முன் ஒத்திகை வேண்டுமா? சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் கதைக்களம் என்ற சிறுகதைக் கூட்டத்தை நடத்துகிறது. ஓரிரு முறை போய்வந்தால் கூட்டத்தில் வாய் திறக்கும் கூச்சம் பாதி போய்விடும். சத்தமாக வாசிக்க வாய்ப்புக் கிடைத்தால் மூன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 சொல் என்று வைத்துக்கொண்டு, வீட்டில் போனில் நேரம் பார்த்து வாசித்துப் பழகட்டும்.

கடைசியாக உங்களுக்கும் அவள் அப்பாவுக்கும் ஒன்று. இரண்டு நாள் போகிறாள் என்றால் ஒரு நாளாவது தனியே போகட்டும். பக்கத்தில் பெற்றோர் உட்கார்ந்திருந்தால் மகளைப் பற்றிய கேள்விக்கும் அப்பாவே பதில் சொல்லிவிடுவார். துணைக்கு வந்தே தீருவேன் என்றால் சிட்டி ஹால் நிலையம்வரை வரட்டும்.