பேட்டரிக்கு மாறினால் மட்டும் லினக்ஸ் லேப்டாப் திரை மினுக்குவது ஏன்?

கேள்வி: மேலூரில் இருக்கிறேன். உபுண்டு போட்ட லேப்டாப், இன்டெல் கிராபிக்ஸும் என்விடியாவும் சேர்ந்தது. பேட்டரி நீடிக்கட்டும் என்று டிஎல்பி என்ற மின்சிக்கன மென்பொருளும் போட்டிருக்கிறேன். சார்ஜரில் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. கரண்ட் போனதும் திரை மினுக்குகிறது, சில சமயம் அப்படியே உறைந்துவிடுகிறது. மதுரையில் காட்டியபோது டிஸ்பிளே கேபிளை மாற்றச் சொன்னார்கள். டிரைவரை அழித்து மறுபடி போட்டும் பார்த்தாயிற்று. என்ன செய்யலாம்?

பதில்:

கேபிளை இப்போதைக்கு மாற்றாதீர்கள். டிரைவரையும் திரும்பத் திரும்பப் போட வேண்டாம். சார்ஜரிலும் பேட்டரியிலும் ஓடுவது ஒரே டிரைவர்தான். மாறுவது அதற்குப் போகிற மின்சிக்கன உத்தரவுகள். அவற்றில் எது உங்கள் மெஷினுக்கு ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்து அதை மட்டும் நிறுத்தினால் போதும்.

கேபிள் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு பயாஸ் திரைக்குள் (லினக்ஸ் ஏறுவதற்கு முன் வருகிற செட்டிங் திரை) போய்ப் பத்து நிமிடம் விடுங்கள். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அங்கே லினக்ஸ் டிரைவர் கிடையாது. அங்கேயும் மினுக்கினால் கேபிளோ பேனலோதான். லினக்ஸுக்குள் மட்டும் மினுக்கினால் செட்டிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கோளாறு தெரிகிற நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். படத்திலேயே கோடுகள் விழுந்திருந்தால் ஜிபியூ, அதாவது கிராபிக்ஸ் சிப், வரைகிற இடத்தில் தவறு. படம் சுத்தமாக இருந்தால் பேனலுக்குப் போகிற வழியிலோ பின்னொளியிலோ தவறு. பேட்டரிக்கு மாறியதும் வெளிச்சம் தானாகக் குறையும்படி பல லேப்டாப்களில் வைத்திருப்பார்கள். குறைந்த வெளிச்சத்தில் சில பேனல்களின் பின்னொளி இயல்பாகவே துடிக்கும். வெளிச்சத்தை முழுதாக ஏற்றினால் மினுக்கல் நிற்கிறதா என்று பாருங்கள்.

இனி முக்கியமான சோதனை. (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.) சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓடும்போதே 'சுடோ டிஎல்பி ஏசி' கொடுங்கள். சார்ஜரில் இருக்கும்போது போடுகிற செட்டிங்கையே டிஎல்பி இப்போதும் போடும். கோளாறு நின்றுவிட்டால் குற்றவாளி டிஎல்பியின் பேட்டரி செட்டிங்தான். பிறகு சார்ஜரை மாட்டி 'சுடோ டிஎல்பி பேட்' கொடுங்கள். கரண்ட் இருக்கும்போதே கோளாறு வந்தால் அது உறுதி. சோதனை முடிந்ததும் 'சுடோ டிஎல்பி ஸ்டார்ட்' கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். உபுண்டுவோடு வருகிற பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன் என்ற இன்னொரு மின்சிக்கன சேவையும் கூடவே ஓடுகிறதா என்று 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பாருங்கள். ஒரே வேலைக்கு இரண்டு பேர் வேண்டாம், ஒன்றை எடுத்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் மேல்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலையில்லாத சாதனங்களைத் தூங்கவைப்பது. டிஎல்பி பொதுவாக சார்ஜரில் 'ரன்டைம்_பிஎம்'-ஐ 'ஆன்' என்றும் பேட்டரியில் 'ஆட்டோ' என்றும் வைக்கும். இங்கே பலர் குழம்புகிறார்கள்: 'ஆன்' என்றால் அந்தச் சாதனம் எப்போதும் விழித்திருக்கும், சிக்கனம் கிடையாது. 'ஆட்டோ' என்றால்தான் வேலை இல்லாதபோது தூங்கும். ட்யூரிங் தலைமுறையிலிருந்து, அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசை தொடங்கி, லேப்டாப்பின் என்விடியா சிப் இப்படி முழுதாக மின்சாரத்தை விட்டுவிட்டுத் தூங்கும். சில மெஷின்களில் அது எழும்போதுதான் தடுமாறுகிறது. மொத்த டெஸ்க்டாப்பும் அதற்காகக் காத்து நின்றுவிடும். உறைந்து ரீபூட் செய்த பிறகு 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' கொடுத்து முந்தைய பூட்டின் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவைப் படியுங்கள். 'எக்ஸ்ஐடி' (என்விடியா டிரைவர் தருகிற பிழைக் குறி) என்ற சொல்லும் 79 என்ற எண்ணும், 'ஜிபியூ ஹேஸ் ஃபாலன் ஆஃப் த பஸ்' என்ற வரியும் இருந்தால் சிப்பை மெஷினோடு இணைக்கிற பிசிஐ பஸ்ஸிலிருந்தே அது காணாமல் போயிருக்கிறது.

உறைந்த உடனே பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைக்காதீர்கள்; பதிவின் கடைசி வரிகள் டிஸ்க்குக்குப் போகாமலே அழிந்துவிடும், நமக்கு வேண்டியதே அந்த வரிகள்தான். ஆல்ட், சிஸ்ஆர்க்யூ (பெரும்பாலும் பிரிண்ட் ஸ்கிரீன் கீ) இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி என்று சில வினாடி இடைவெளி விட்டுத் தட்டுங்கள். சிஸ்ஆர்க்யூ வழியாக எவற்றைச் செய்யலாம் என்பதற்கு உபுண்டுவில் முன்னிருப்பு மதிப்பு 176. அதாவது 16, 32, 128: டிஸ்க்கில் எழுதுவது, படிக்க மட்டும் என்று மாற்றுவது, ரீபூட். இந்த மூன்றுக்கும் அனுமதி உண்டு.

தீர்வு: 'எல்எஸ்பிசிஐ' கொடுத்து என்விடியாவின் முகவரியைப் பாருங்கள், பெரும்பாலும் 01:00.0. 'டிஎல்பி.கான்ஃப்' கோப்பில் 'ரன்டைம்_பிஎம்_டிசேபிள்' வரியில் அந்த முகவரியை எழுதுங்கள். மற்ற சாதனங்களின் சிக்கனம் அப்படியே இருக்கும். அதற்கும் அடங்காவிட்டால், பிசிஐ இணைப்பின் மின்சிக்கனத்தைப் பேட்டரியில் தீர்மானிக்கிற 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்_ஆன்_பேட்' மதிப்பை 'டிஃபால்ட்' ஆக்குங்கள். சிப் விழித்தே இருந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். எவ்வளவு கூடுகிறது என்று 'பேட்0' அடைவில் 'பவர்_நௌ' சொல்லும்; அது மைக்ரோவாட் கணக்கு, 12500000 என்றால் 12.5 வாட். என்விடியா தேவையே இல்லாத வேலை என்றால் 'பிரைம்-செலக்ட் இன்டெல்' கொடுத்து ரீபூட் செய்வது இதைவிட நல்லது.

மினுக்கல் மட்டும் மிஞ்சினால் இன்டெல் பக்கம் பாருங்கள். பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ், சுருக்கமாக பிஎஸ்ஆர் என்று ஒன்று உண்டு: படம் மாறாதபோது பேனல் தன் நினைவிலிருந்தே காட்டிக்கொண்டிருக்கும், ஜிபியூ ஓய்வெடுக்கும். தட்டிய எழுத்து தாமதமாகத் தெரிவதும், மவுஸை அசைத்தால்தான் திரை நகர்வதும் இதன் அடையாளம். இது சார்ஜரிலும் வேலை செய்வதுதான். அதனால் சார்ஜரிலும் எப்போதாவது மினுக்கியிருந்தால் சந்தேகம் கூடும். கிரப் மெனுவில் (லினக்ஸ் ஏறுவதற்கு முன் வருகிற பூட் மெனு) 'இ' தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0' சேர்த்து எஃப்10 அமுக்குங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டுமே செல்லும், பயமில்லாமல் சோதிக்கலாம். குணமானால் மட்டும் கிரப் கோப்பில் எழுதி 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். இணையத்தில் யாராவது 'நோமோட்செட்' போடச் சொன்னால் நிரந்தரமாகப் போடாதீர்கள். உண்மையான டிரைவரே ஏறாது, எல்லாவற்றையும் பிராசசர் வரையும், சூடேறும், பேட்டரி இன்னும் வேகமாக இறங்கும்.

நம் ஊர்ப்பக்க வீடுகளுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் நொடியில் அடாப்டர் தடுமாறினால், சார்ஜர் போனது, வந்தது, போனது என்று லேப்டாப் சில வினாடிக்குள் பலமுறை எண்ணிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் டிஎல்பி செட்டிங்கைப் புரட்டும். 'யுடெவ்ஏடிஎம் மானிட்டர்' ஓடவிட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். 'பவர்_சப்ளை' வரிகள் மழையாகக் கொட்டினால் இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடில் வையுங்கள், மாறும் நேரம் குறையும். லோ வோல்டேஜ் மேல் உடனே பழி போட வேண்டாம். பெரும்பாலான லேப்டாப் அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை வேலை செய்யும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இத்தனைக்கும் பிறகு உறைந்தால் கர்னல் பதிப்பு, 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' வெளியீடு, உறைந்த பூட்டின் கடைசி ஐம்பது வரி, மூன்றையும் கேள்வியில் சேருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.